வித்யாலட்சுமியின் தண்ணீர் லாரி

ஹைதராபாத்தில் சின்ன வண்டிகள் செய்கிறவர்கள் அறுபது பேர் தேறினால் அதிகம். நிஜக் காரையோ லாரியையோ இருபத்து நாலில் ஒரு பங்காகக் குறுக்கி, கதவுக் கைப்பிடியும் சக்கரத்துச் சேறும் வரைக்கும் அப்படியே கொண்டுவருவார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகள்தான் செலவு. அந்த அறுபது பேரும் அனந்தராமன் உள்ளே வந்தால் நாற்காலியை நகர்த்தி வழி விடுவார்கள்.

அனந்தராமன் ஒரு பாதுகாப்புத் துறை நிறுவனத்தின் வரைபடப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். சைனிக்புரியில் சொந்த வீடு. மாடியில் வடக்குப் பார்த்த அறை ஒன்றை மேஜை, விளக்கு, பூதக்கண்ணாடி சகிதம் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். அவர் செய்த ராணுவ டிரக் ஒன்றைப் புகைப்படத்தில் பார்த்த ஓய்வுபெற்ற கர்னல், "இந்த வண்டியை நான் ஓட்டியிருக்கேன்" என்று சொன்ன கதை அந்த அறுபது பேரின் கிளப்பில் பிரசித்தம்.

கிளப்பின் வருடாந்திரக் கண்காட்சி ஜனவரியில் செகந்திராபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்தளத்தில் நடக்கும். அதில் 'முழுக் கைவேலை' என்று ஒரு பிரிவு உண்டு. கடையில் பாகங்களோடு பெட்டியாக விற்கிற கிட் கூடாது, த்ரீ-டி அச்சு இயந்திரத்தில் எடுத்த பாகம் கூடாது. வீட்டில் கிடைக்கிற எதை வேண்டுமானாலும் வெட்டி, வளைத்து, ஒட்டிக்கொள்ளலாம். அந்தப் பிரிவில் அனந்தராமன் ஐந்து தடவை ஷீல்டு வாங்கியிருந்தார்.

கடைசி இரண்டை வாங்கிய விதம் வேறு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய வலது கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. காப்பி தம்ளரைப் பிடிக்கும்போது தெரியாது. அரை மில்லிமீட்டர் பட்டையை இடுக்கியில் எடுத்து வைக்கும்போது தெரிந்துவிடும். அடுத்து வந்த கண்காட்சிக்கு நாலு நாள் இருக்கும்போது, செய்து முடித்த லாரி முகப்பு கிரில்லை அதே கை தட்டிவிட்டது. அவர் இணையத்தில் தேடி, த்ரீ-டி பிரிண்ட் செய்த கிரில் ஒன்றைத் தருவித்தார். வர்ணம் பூசியதும் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷம் கிரில்லோடு பம்பரும் கண்ணாடிச் சட்டமும் பார்சலில் வந்தன. கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்த அவர் மனைவி ரமா அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீங்களே பண்ணுவேளே?" என்றாள். "கொஞ்சம் கண் சரியில்லே" என்று அவர் மாடிக்குப் போய்விட்டார்.

இந்த வருஷம் அவரைப் போட்டியில் கலந்துகொள்ளாமல் நடுவராக இருக்கச் சொன்னார்கள். அவருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

கைவேலைப் பிரிவில் ஒன்பது வண்டிகள். எட்டைப் பார்த்து முடித்துவிட்டு ஒன்பதாவதின் முன்னால் வந்த அனந்தராமன் அங்கேயே நின்றுவிட்டார். தண்ணீர் லாரி. கோடையில் குவார்ட்டர்ஸ்களுக்கும் காலனிகளுக்கும் வருமே, அந்த லாரி. டாங்கியின் மேல் மூடி சரியாக மூடாமல் ஒருபக்கம் எழும்பியிருந்தது. பின்புற வால்விலிருந்து நீர் கசிந்து கசிந்து அடித்தட்டில் பச்சைப் பாசி கட்டியிருந்தது. ஏணியில் இரண்டாவது படி மட்டும் ஆயிரம் பேர் மிதித்ததைப் போல வளைந்திருந்தது. பக்கவாட்டில் 'குடிநீர்' என்று தெலுங்கில் எழுதிய எழுத்துக்கள் குடங்கள் உரசி உரசித் தேய்ந்திருந்தன.

பக்கத்தில் ஒரு பெண்மணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். அந்த மண்டபத்தில் வண்டி கொண்டுவந்திருந்த ஒரே பெண். பெயர் வித்யாலட்சுமி, லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று நுழைவுச் சீட்டில் எழுதியிருந்தது. அவளுக்குப் பின்னால் அவள் கணவன் செல்லப்பா, ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், தன்னோடு வேலை செய்கிற மூன்று பேரை அழைத்து வந்திருந்தான். நாலு பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்கள்.

"டாங்கி எதுல பண்ணினேள்?" என்று கேட்டார் அனந்தராமன்.

"பவுடர் டப்பா சார். முட்ட வடிவுல ஒண்ணு வரும் பாருங்க, அது."

"ஏணி?"

"கொண்ட ஊசி."

"அளவெல்லாம்?"

"எங்க லைனுக்கு வர்ற வண்டிதான் சார். யூசுப் பாய்னு டிரைவர். அவரு தண்ணி விடற நேரத்துல நான் டேப்பு வெச்சு அளந்துக்குவேன். மத்தவங்க குடம் ரொப்புவாங்க, நான் வண்டிய அளப்பேன்." பின்னால் நின்ற பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அனந்தராமன் குனிந்து முகப்பைப் பார்த்தார். பழைய மாடல் கிரில், செங்குத்துப் பட்டைகள். அறுபதுக்கும் மேலே இருக்கும். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஒரே இடைவெளி. அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். வர்ணத்துக்கு அடியில், ஒவ்வொரு பட்டையிலும், மெல்லிய இணைகோடுகள் ஓடின.

அந்தக் கோடுகள் அவருக்குப் பழக்கமானவை. அடுக்கடுக்காகப் படிந்து வருகிற அச்சுப் பாகத்தில் அப்படித்தான் இருக்கும். உப்புத்தாள் போட்டு அவற்றைத் தேய்த்து மறைக்க அவரே மாலைக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்.

"இது?" என்று கிரில்லைக் காட்டினார். "இது எப்படிப் பண்ணினேள்?"

வித்யாலட்சுமி கிரில்லிலிருந்து கண்ணை எடுத்தாள். சுற்றிப் பார்த்தாள். இதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள், எல்லாரும் ஆண்கள். அவள் முகம் சிவந்தது.

"வீட்ல இருந்த சாமான்தான் சார்."

"என்ன சாமான்?"

"அது... வீட்ல இருந்ததுதான்."

அவர் நிமிர்ந்தார். பிற்பாடு எத்தனையோ தடவை அந்த நிமிஷத்தை நினைத்துப் பார்த்திருக்கிறார். அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். வண்டியைத் திருப்பிக் கிரில்லின் உள்பக்கத்தைப் பார்த்திருக்கலாம். ஆனால் அப்போது அவருக்குள் இருந்தது ஒரு விதமான கோபம், அதற்கு அடியில் ஒரு விதமான திருப்தி. இவளுமா என்ற கோபம். இவளும்தானே என்ற திருப்தி.

"மன்னிக்கணும். இது கையால பண்ணினதில்லே. பிரிண்ட் பண்ணி வாங்கின பாகம். கைவேலைப் பிரிவுல இதைச் சேர்த்துக்க முடியாது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"இல்ல சார்" என்றாள் அவள்.

கிளப் செயலாளர் அனிருத், கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவன், "சார், இன்னொருக்கா பாத்துரலாங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். "நான் பார்த்தாச்சு" என்றார் அனந்தராமன். அவர் பார்த்தாச்சு என்றால் அங்கே பேச்சு முடிந்தது. பரிசு ஒரு ஜீப்புக்குப் போயிற்று. செல்லப்பா லாரியை அட்டைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டான். கூட வந்த மூன்று பேரும் முன்னாலேயே படி இறங்கிப் போயிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து ரமாவிடம் நடந்ததைச் சொன்னார். கைவேலை என்று பேர் கொடுத்துவிட்டு வாங்கி ஒட்டுகிறார்கள், உலகமே அப்படி ஆகிவிட்டது என்றார்.

ரமா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நீங்களும் வாங்கித்தானே ஒட்டறேள்?"

"அது வேற."

"எப்படி வேற?"

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து மகள் ஜலஜா கொண்டாப்பூரிலிருந்து தன் பெண் ஸ்ரேயாவோடு வந்தாள். குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் தலையில் பேன் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் வராந்தாவில் வெள்ளைத் துண்டு விரித்து, மடியில் குழந்தையின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜலஜா வாரிக்கொண்டிருந்தாள். "அம்மா, நொப்பி! ஸ்டாப்!" என்று ஸ்ரேயா வலி தாங்காமல் தெலுங்கும் இங்கிலீஷுமாகக் கத்தினாள்.

அனந்தராமன் அந்தப் பக்கமாகப் போனவர் நின்றார். ஜலஜா சீப்பை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேன் சீப்பு. மாவடுப் பச்சையில், இரண்டு பக்கமும் பல் வைத்த பிளாஸ்டிக் சீப்பு. பற்களுக்கு நடுவே வெயில் கோடு கோடாக வந்தது.

"அதை இங்கே குடு."

"ஐயோ அப்பா, பேன் இருக்கு!"

வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். பூதக்கண்ணாடியில் வைத்தார். பற்கள் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஒரே இடைவெளியில் இருந்தன. ஒவ்வொரு பல்லிலும் வார்ப்பிலிருந்து வந்த மெல்லிய இணைகோடுகள். அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஒரு பக்கத்தைக் கழுத்தோடு அறுத்து எடுத்தால் இருபத்து நாலில் ஒரு பங்கு லாரிக்குக் கிரில்லின் அகலம் கச்சிதமாக வந்தது.

பன்னிரண்டு ஆண்களுக்கு நடுவில், கணவனின் சிநேகிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், பேன் சீப்பு என்று அவள் எப்படிச் சொல்வாள்?

அனந்தராமன் நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே ஜலஜா சீப்பைக் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அனிருத்திடம் விலாசம் வாங்கிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவில் லாலாகுடாவுக்குப் போனார். குவார்ட்டர்ஸ் வரிசையில் மூன்றாவது வீடு. வித்யாலட்சுமி கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "வாங்க சார், உள்ள வாங்க" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பேன் சீப்பா?" என்று நின்றபடியே கேட்டார்.

"ஹவ் சார்" என்று ஹைதராபாத் உருதுவில் ஆமாம் சொன்னாள். "நாலு சீப்பு வாங்கி மூணு ஒடஞ்சிடுச்சு. நாலாவதுதான் சரியா வந்துச்சு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"அத்தன பேரு முன்னால எப்படி சார் சொல்றது? நீங்க வேற ஸ்கூல் வாத்தியார் மாதிரி கேட்டீங்க."

அவர் உட்கார்ந்தார். ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை இருந்தது. அதன் மேல் தையல் மிஷின் உறை போட்டு வைத்திருந்தது. வெட்டுக் கத்தி, பசை, வர்ணம் ஒன்றும் கண்ணில் படவில்லை.

"லாரி எங்கே?"

"யூசுப் பாய்க்குக் குடுத்துட்டேன். வண்டியில கண்ணாடிக்கு முன்னால வெச்சிருக்காரு. வெயில்ல பிளாஸ்டிக்கெல்லாம் நெளிஞ்சிட்டுதாம். பாவம், அவரு வருத்தப்படறாரு."

"ஏன் குடுத்தேள்?"

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பட்டறையில இவரக் கிண்டல் பண்ணிட்டாங்க சார். கடையில வாங்கி ஒட்டி ஏமாத்தப் பாத்தாங்கன்னு. அது பரவால்ல, ரெண்டு நாள் பேசுவாங்க, விட்டுடுவாங்க. வீட்டுக்கு வந்து இவரு என்னக் கேட்டாரு. நெஜமா சொல்லு, எல்லாமே நீ செஞ்சதுதானான்னு." அவள் மேஜையைக் காட்டினாள். "எட்டு மாசம் சார். இங்க உக்காந்துதான் செஞ்சேன். அதோ அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாத்துட்டே இருந்தவரு அவரு. கேட்டாரு."

அந்த நேரம் செல்லப்பா காய்கறிப் பையோடு உள்ளே வந்தான். அனந்தராமனைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். அவர் எழுந்து நின்று, தான் சொன்னது தப்பு என்றும், கிரில் அவள் கையால் செய்ததுதான் என்றும், மன்னிப்புக் கேட்க வந்ததாகவும் சொன்னார். ஆட்டோவில் வரும்போதே மனசுக்குள் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள். தடங்கல் இல்லாமல் வந்தன.

"ஐயோ, நீங்க பெரியவங்க சார், அதெல்லாம் எதுக்கு?" என்றான் செல்லப்பா.

வித்யாலட்சுமி டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்: "நான் அந்த பிரிண்டு பாகத்த பாத்ததே இல்ல சார். பாத்த ஒடனே அதுதான்னு எப்படித் தோணுச்சு உங்களுக்கு? நீங்க அதெல்லாம் போடுவீங்களா?"

கேள்வி அத்தனை நேராக வந்தது. இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனந்தராமன் தம்ளரை எடுத்தார். ஒரு வாய் உறிஞ்சினார். ஒரே ஒரு வார்த்தைதான், ஆமாம் என்று சொன்னால் போதும்.

"சே, நான் எங்கே? மத்தவா பண்றதைப் பார்த்திருக்கேன். அனுபவம்தான். பார்க்கறதுக்கு அச்சு அசலா அப்படியே இருந்துது, கண் ஏமாந்துடுத்து."

செல்லப்பாவின் முகம் தெளிந்தது. மனைவி பக்கம் திரும்பினான். "பாத்தியா? நான் என்னா சொன்னேன்? முப்பது நாப்பது வருஷம் சர்வீஸ் உள்ளவரு, சாருக்கே அப்படித் தோணிருக்கு. எனக்குத் தோணுனதுல என்னா தப்பு?"

வித்யாலட்சுமி காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் புறப்படும் வரை அவள் வெளியே வரவில்லை.

அந்த மாதக் கிளப் கூட்டத்தில் அனந்தராமன் எழுந்து, தண்ணீர் லாரி முழுக்க முழுக்கக் கைவேலை, தன் தீர்ப்புத் தப்பு, முதல் பரிசு அந்த அம்மாவுக்குத்தான் சேரவேண்டும் என்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அனிருத் அவர் பக்கத்தில் வந்து நின்று, "இந்த வயசுல இப்படி எந்திரிச்சு நின்னு சொல்றதுக்குப் பெரிய மனசு வேணுங்க சார்" என்றான். மறுபடியும் கை தட்டினார்கள். பின்வரிசையில் யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள்.

அதை அவரால் தாங்க முடியவில்லை.

"உக்காருங்கோ, இன்னும் முடியலே" என்றார். "கடைசி ரெண்டு வருஷம் எனக்கு ஷீல்டு வாங்கிக் குடுத்த வண்டிகள்ல கிரில், பம்பர், கண்ணாடிச் சட்டம் எல்லாம் பிரிண்ட் பண்ணி வாங்கினது. என் கை நடுங்கறது. அதனாலேதான் அந்தம்மா வண்டியைப் பார்த்ததும் அவா மேலே சந்தேகம் வந்துது. என்னை மாதிரியே நினைச்சுட்டேன்."

சிலர் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். படம் எடுத்தவர் போனைப் பைக்குள் போட்டார். "அதெல்லாம் எதுக்குங்க சார் இப்ப" என்றான் அனிருத், சங்கடத்தோடு. அடுத்த நாள் அவரே இரண்டு ஷீல்டுகளையும் துணியில் சுற்றி அவன் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான். காப்பி சாப்பிடலாமா என்று கேட்கவில்லை.

சர்டிபிகேட்டும் பரிசும் லாலாகுடாவுக்குத் தபாலில் போயின. ஒரு வாரம் கழித்து, பகல் மூன்று மணிவாக்கில், அவருடைய போன் அடித்தது.

"நான் வித்யாலட்சுமி சார். சர்டிபிகேட் வந்துச்சு. இவரு சட்டம் போட்டு மாட்டிட்டாரு. பட்டறையில எல்லாருக்கும் போட்டோ காட்டுனாரு."

"ரொம்ப சந்தோஷம்மா. அடுத்தது என்ன வண்டி பண்றேள்?"

"இல்ல சார். ஒண்ணும் செய்யல." பின்னால் ரயில் எஞ்சின் ஒன்று கூவி ஓய்ந்தது. அவள் காத்திருந்து பேசினாள். "உக்காந்து பாத்தேன். இவரு கட்டில்ல படுத்துட்டுப் பாக்கறாரு. ஒவ்வொண்ணும் எடுத்து வெக்கும்போது, இதயும் நாளைக்குக் கேப்பாரோன்னு ஓடுது. கை வரல. மிஷினுக்கு பிளவுஸ் வருது, தெக்கிறேன்."

"என்னைப் பத்தி ஒண்ணு சொல்லணும்மா" என்று ஆரம்பித்தார்.

"தெரியும் சார். அனிருத் தம்பி போன்ல சொன்னாரு. கூட்டத்துல எழுந்து நின்னு எல்லாத்தயும் சொன்னீங்களாமே."

"ஆமா."

"நல்லது சார். மனசுல வெச்சுக்கிட்டா கஷ்டம்தான்." அதோடு விடவில்லை. "ஆனா அன்னிக்கு எங்க வீட்ல கேட்டேனே. நீங்க அத போடுவீங்களான்னு. இவரு எதிர்ல ஒக்காந்திருந்தாரு. அப்ப சொல்லியிருந்தா, தப்பு யார்கிட்டன்னு இவருக்கும் வெளங்கியிருக்கும். என் வேலயப் பாத்து வந்த சந்தேகம் இல்ல அதுன்னு. இப்ப நான் சொன்னா, அதான் சர்டிபிகேட் வந்துடுச்சே, இன்னும் என்னான்றாரு."

"நான் இப்ப வந்து அவர்கிட்டே சொல்றேன்."

"நக்கோ சார்" என்றாள் சட்டென்று, பின் குரலைத் தணித்துக்கொண்டு, "வேணாம். விட்டுடுங்க. உடம்பப் பாத்துக்குங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

அனந்தராமன் அதற்குப் பிறகும் லாலாகுடாவுக்குப் போகத்தான் நினைத்தார். ஒரு தடவை ஆட்டோ கூடப் பிடித்து, லாலாகுடாவை ஒட்டிய மெட்டுகூடா வரை போய்விட்டுத் திரும்பினார். வேண்டாம் என்று சொன்னவள் வீட்டு வாசலில் போய் நிற்பது அவளுக்காகவா, தன் மனசு ஆறவா என்று அவருக்கே பிடிபடவில்லை.

அவர் வண்டி செய்வதை விடவில்லை. கைக்கு முடிந்த அளவுக்குப் பெரிய பாகங்களாக, பழைய பஸ் ஒன்றைச் செய்தார். பட்டைகள் கோணலாகவே வந்தன, அப்படியே விட்டார். அதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகவில்லை.

அடுத்த ஜனவரியில் அனிருத் வழக்கம்போலக் கண்காட்சி அறிவிப்பை அனுப்பினான். கூடவே பங்கேற்பவர் பட்டியலும் இருந்தது. கைவேலைப் பிரிவில் பதினோரு பேர். அனந்தராமன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராகப் படித்தார். பதினொன்றில் ஒரு பெண் பெயரும் இல்லை. பிறகு மறுபடியும் மேலிருந்து படித்தார்.